வளவுக்குள் கிடக்கும் பழைய பைபர் போட்டைக் குறைந்த செலவில் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கே கொக்குளாயிலிருந்து சுண்டிக்குளம் வரையும், மேற்கே வலைப்பாடு, நாச்சிக்குடா தொடங்கி விடத்தல்தீவு வரையும் வன்னிக் கரையோரம் போனால், வேப்பமரத்தடியிலோ பனங்கூடலுக்குள்ளோ ஒரு பைபர் (கண்ணாடியிழை) போட் கவிழ்ந்து கிடப்பதைக் காணாமல் வர முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்தவை, 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காலத்தில் கிடைத்தவை, காசு கொடுத்து வாங்கி இஞ்சின் போனதும் ஒதுக்கப்பட்டவை என்று பல வகை. அனேகமானவை 18 அடி அளவான, 15 அல்லது 25 குதிரைவலு வெளி இஞ்சின் பூட்டும் போட்டுகள். புதியது வாங்க வழியில்லாத பெடியன்கள் இவற்றைத்தான் திருத்தித் தொழிலுக்குப் போகப் பார்க்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பழைய போட் ஒன்று மலிவாக வருகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இஞ்சின் பூட்டும் பின்பலகையை. எல்லோரும் முதலில் அடிப்பக்க ஓட்டையைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரியும், அடைக்கவும் சுகம். பின்பலகை அப்படியல்ல. வெளியே பைபர், உள்ளே பலகை. இஞ்சின் பூட்டிய ஆணி (போல்ட்) துளைகளால் வருடக் கணக்கில் தண்ணீர் இறங்கி உள்ளே பலகை உக்கிப் போயிருக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும்.

சோதிப்பதற்குச் சிறு சுத்தியல் போதும். மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, நாலு விரல் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று இறுகிய சத்தம் வரும், சுத்தியல் கையில் துள்ளும். உக்கிய இடத்தில் சத்தம் மந்தமாகும், சுத்தியல் துள்ளாது. சத்தம் மாறும் இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு, விற்பவர் சம்மதித்தால், உட்பக்கத்தில் கீழ் மூலையில் கால் அங்குலத் துளை ஒன்று போட்டுத் துருவி எடுத்த தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த சுருள் வந்தால் பலகை உயிரோடு இருக்கிறது. கறுத்த ஈரப்பொடி வந்து விரலில் ஒட்டினால், அல்லது துளையால் தண்ணீரே கசிந்தால், பலகை முழுவதும் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்தது மிதவைப் பெட்டிகள். அணியத்திலும் (முன்பக்கம்) கடையாரிலும் (பின்பக்கம்) அடைத்து வைத்திருக்கும் இடங்களுக்குள் போம் (மிதக்க வைக்கும் நுரைப்பஞ்சு) இருந்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஈரப் போம் நிறைந்த போட் கரையில் இழுக்கும்போதே கனத்தைக் காட்டிவிடும். அந்தப் போம் வெயிலில் காயாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் அடைக்க வேண்டும்.

மூன்றாவது, போட்டின் வடிவம். பல வருடம் ஒரே பக்கம் சரிந்து, இரண்டு குற்றிகளில் மட்டும் பாரம் தாங்கிக் கிடந்த போட் முறுகியிருக்கும். அணியத்திலிருந்து கடையார் வரைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

எப்படிப்பட்ட போட்டை விட்டுவிட வேண்டும்?

முறுகியதை விட்டுவிடுங்கள். பின்பலகை, உட்பக்கக் குறுக்குச் சட்டங்கள், மிதவைப் போம் மூன்றும் ஒன்றாகப் போனதையும் விட்டுவிடுங்கள், சும்மா தந்தாலும். ரெசின் (பைபரை ஒட்டி இறுகும் பிசின்), மற் (பைபர் இழைப் பாய்) இரண்டையும் வாங்கும் காசில் இதைவிட நல்ல பழைய போட் ஒன்று கிடைத்துவிடும். ஓட்டைகள் எத்தனை இருந்தாலும் பின்பலகை நல்லதென்றால் தயங்காமல் எடுக்கலாம்.

பதிவுப் புத்தகம் இல்லாத போட்டை வாங்கலாமா?

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடிக் கலம் பதியப்பட்டிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் கடலில் இறக்கினால் சிக்கல் உங்களுக்குத்தான். வாங்குவதற்கு முன்னமே உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போட்டின் இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு இலகு, ஏனென்றால் யாருடைய போட் எந்தக் கரையில் கிடக்கிறது என்பது சங்கத்துக்குத் தெரியும். விற்பவரிடம் கையெழுத்திட்ட கடிதம் எழுதி வாங்குங்கள். அதில் இஞ்சின் இலக்கமும் இருக்கட்டும்.

கரையிலோ காட்டோரத்திலோ யாருமில்லாமல் கிடக்கிறதே என்று எதையும் இழுத்துக்கொண்டு வராதீர்கள். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், அல்லது அவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் இருக்கும்.

போட்டில் செல் (எறிகணை) துண்டு பட்ட ஓட்டைகள் இருக்கின்றன. அடைக்க முடியுமா?

முடியும், உறுதியாகவும் அடைக்கலாம். ஆனால் முதலில் ஒரு எச்சரிக்கை. மிதவைப் பெட்டிக்குள்ளோ போட்டுக்கு அடியில் மண்ணுக்குள்ளோ இரும்புப் பொருள் ஏதும் தெரிந்தால் கையால் தொடாதீர்கள், கிண்டாதீர்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள். நீண்ட காலம் ஆள் நடமாட்டமில்லாத வளவிலிருந்து போட்டை இழுப்பதற்கு முன்பும் அந்த இடம் துப்புரவாக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலை. ஓட்டைக்குள் ரெசினை அடைத்துப் பூசுவது வேலையல்ல, அலையில் அடிபட்டதும் அடைப்பான் போல் கழன்று விழும். ஓட்டையைச் சுற்றி வெடிப்பு எதுவரைக்கும் ஓடியிருக்கிறதோ அதுவரைக்கும் வெட்டி எடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தைக் கிறைண்டரால் சரிவாகத் தேயுங்கள். பைபரின் தடிப்பைப்போல் 12 மடங்கு தூரத்துக்கு அந்தச் சரிவு போக வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். பழைய பைபருக்கும் புதியதற்கும் ஒட்டுவதற்கு இடம் வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு அகலம்.

தேய்ப்பதற்கு முன் அசெற்றோன் நனைத்த துணியால் துடையுங்கள். தேய்த்த பிறகும் துடையுங்கள். தேய்க்கும்போது மீன் எண்ணெயும் மெழுகும் பைபருக்குள் இறங்கிவிடும், அதனால்தான் முன்னமே துடைக்கச் சொல்கிறேன். உட்பக்கத்தில் மெழுகு பூசிய தகடோ போமைக்காத் துண்டோ வைத்து இறுக்குங்கள். வெளியிலிருந்து பெரிய துண்டை முதலில் வைத்து, படிப்படியாகச் சிறிய துண்டுகளாக அடுக்குங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் மற் என்றால் ஒரு படை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும், ஆகவே 6 மில்லிமீற்றருக்கு ஆறு படை. ஒவ்வொரு படையையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் குடிக்காத இடம். கடைசியில் உட்பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தேய்த்துவிட்டு அங்கும் இரண்டு படை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 சென்ரிமீற்றர் ஓட்டைக்கு இப்படி ஆறு படை வைக்க, மற் 100 கிராமுக்குள் முடியும். ரெசின் அதன் நிறையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது கால் கிலோ. பத்து ஓட்டை இருந்தாலும் இரண்டரைக் கிலோ ரெசின்தான். ஓட்டையைக் கண்டு போட்டைக் கைவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரெசினுக்கு ஹார்ட்னர் எவ்வளவு விட வேண்டும்?

ஹார்ட்னர் என்பது ரெசினை இறுக வைக்கும் திரவம். ரெசினின் நிறையில் 1 முதல் 2 வீதம் விட வேண்டும். எங்கள் வெயிலுக்கு 1 வீதத்துக்குக் கிட்ட நின்றால் போதும். ஒரு கிலோ ரெசினுக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர். ஒரு வீதத்துக்குக் கீழே இறக்கினால் அது ஒருநாளும் முழுதாக இறுகாது. இரண்டுக்கு மேல் போனால் வாளிக்குள்ளேயே சூடாகிப் புகைக்கும். போத்தல் மூடியால் கண்மதிப்பாக ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் ஊசிக்குழாய் ஒன்று வாங்கி அளந்து விடுங்கள். முதலில் பிளாஸ்ரிக் கோப்பையில் 100 கிராம் கலந்து, எத்தனை நிமிடத்தில் இறுகத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவைத்தான் பிறகு கலக்க வேண்டும். ஒரேயடியாக ஒரு வாளி கலந்தால் பாதி வீண்.

இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். சில ரெசினுக்கு, இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவத்தைத் தனியாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பின்புதான் ஹார்ட்னர். இரண்டையும் ஒரே கரண்டியால் அளக்கவும் கூடாது, ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. கடையில் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கேட்டு வாங்குங்கள், கலந்தது என்றால் இந்தத் தலையிடியே இல்லை.

ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்க வேண்டாம். பட்டால் அந்தக் கணமே தண்ணீரால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தப்படுங்கள். கிறைண்டர் தூசிக்கு நல்ல முகக்கவசம், முழுக்கைச் சட்டை. கிணற்றடியிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளி, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரால் உடம்பைக் கழுவ வேண்டும், சுடுதண்ணீர் வார்த்தால் சொறிச்சல் கூடும். அந்த உடுப்பை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்கவும் வேண்டாம்.

எந்தக் காலத்தில் வேலையைத் தொடங்கலாம்?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் நல்ல காய்ச்சல் கிடைக்கும். மாரியில் வேண்டாம். பைபருக்குள் ஈரம் இருந்தால் மேலே ஒட்டியது பின்னர் தோல் உரிவதுபோல் உரியும். போட்டைக் கழுவி, நிழலும் காற்றும் கிடைக்கும்படி மேலே கிடுகுப் பந்தலோ தறப்பாளோ கட்டி, வாரக் கணக்கில் காயவிட்டுத்தான் ரெசின் பூச வேண்டும். ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டிக் காலையில் வைத்துப் பின்னேரம் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்பும் நாட்களில் மண் பறந்து ஈர ரெசினில் ஒட்டும். காற்றுப் பக்கமாகத் தறப்பாளை மறைத்துக் கட்டிவிட்டு, காலை எட்டுமணிக்கு முன்போ பின்னேரமோ பூசுங்கள். உச்சி வெயிலில் பூசினால் உருளை உருட்ட முன்னமே இறுகிவிடும்.

எபொக்சி வாங்கத்தான் வேண்டுமா?

எபொக்சி இன்னொரு வகை ரெசின். பழைய பைபரில் அது கூடுதல் பிடியோடு ஒட்டும், உண்மைதான். ஆனால் விலை கூட. 18 அடி போட்டுக்குச் சரிவு தேய்த்து ஒழுங்காகச் செய்தால் சாதாரண பொலியெஸ்ரர் ரெசினே போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: எபொக்சி பூசிய இடத்துக்கு மேல் பொலியெஸ்ரர் சரியாக ஒட்டாது. ஆகவே ஒரு போட்டில் ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். முன்பு யாரோ எபொக்சியால் ஒட்டிய இடமென்றால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாகனங்களின் பள்ளங்களை நிரப்பப் பூசும் பட்டியைத் (putty) தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம். தண்ணீரை உறிஞ்சும்.

பின்பலகையை நானே மாற்றலாமா?

தச்சுவேலை தெரிந்த ஒருவர் துணைக்கு இருந்தால் மாற்றலாம். முதலில் போட்டை மட்டம் பார்த்து, பனங்குற்றியும் பழைய ரயரும் வைத்து அசையாமல் இருத்துங்கள். எதையும் வெட்டுவதற்கு முன் பழைய பலகையின் வெளிவடிவத்தைக் காட்போட்டில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் சரிவும் மாறினால் இஞ்சின் ஒழுங்காகத் தள்ளாது. குட்டைத் தண்டு இஞ்சினுக்கு 15 அங்குலம், நெட்டைத் தண்டுக்கு 20 அங்குலம் என்பது பொதுக்கணக்கு.

உட்பக்கப் பைபரைச் சுற்றிவர இரண்டு மூன்று அங்குல விளிம்பு விட்டு வெட்டி, உக்கிய பலகையை உளியால் சுரண்டி எடுங்கள். வெளிப் பைபர் அப்படியே இருக்கட்டும், அதுதான் உங்கள் அச்சு. மரீன் பிளைவூட்டைப் பழைய தடிப்புக்கே இரண்டு படையாக ஒட்டுங்கள். தேக்கு, முதிரை போன்றவை வைரமான மரங்கள்தான், ஆனால் எண்ணெய்ப் பிடிப்புள்ள மரத்தில் ரெசின் நன்றாக ஒட்டாது, கனமும் கூட. காட்டில் மரம் தறிக்க அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ரெசினோடு நறுக்கிய பைபர் இழையைக் களியாகக் கலந்து வெளிப் பைபரின் உட்புறம் பூசி, பலகையை வைத்து, ஆணிபோட்டு இறுக்குங்கள். மூலைகளை அதே களியால் வளைவாக நிரப்பி, பக்கங்களிலும் அடியிலும் அரை அடி ஏறும்படி நாலு படை மற் அடியுங்கள்.

பலகை உக்கியதே ஆணித் துளையால்தான். எனவே புதுத் துளைகளை வேண்டியதைவிடப் பெரிதாகப் போட்டு, ரெசின் களியால் நிரப்பி, இறுகிய பின் அந்த ரெசினுக்குள் சரியான அளவில் மீண்டும் துளையுங்கள். இனித் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. காசில்லாத வேலை, கூடினால் ஒருநாள் தாமதம். போட்டின் ஆயுளை இதுபோல் நீட்டுவது வேறொன்றும் இல்லை. கறள் பிடிக்காத ஆணியே போடுங்கள்.

ஏரா (போட்டின் அடி நடுமுதுகு) தேய்ந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் போட்டை நாளாந்தம் மணலில் ஏற்றி இறக்குகிறோம், அந்த மணல் ஏராவை அரத்தாள் போல் தின்னும். கையால் தடவும்போது இழை குத்தினால் ஏற்கெனவே மேற்படை போய்விட்டது. போட்டைக் கவிழ்த்து, அணியத்திலிருந்து கடையார் வரை ஒரு சாண் அகலத்தில் மூன்று நாலு படை கூடுதலாக அடியுங்கள். பெயின்றுக்குச் செலவழிக்க நினைத்த காசை இதற்குப் போடுங்கள்.

நீண்டகாலம் கிடந்த இஞ்சினை எப்படி எழுப்புவது?

கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, துளைக்குள் கொஞ்சம் இஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் மேலேயுள்ள சில்லைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பாவிட்டால் இன்னும் ஊறட்டும். பலவந்தப்படுத்தினால் பிஸ்டன் வளையம் உடைந்து உள்ளே கீறிவிடும்.

கீழ்ப்பெட்டியின் கியர் ஒயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். தண்ணீர் பம்புக்குள் சுழலும் றப்பர் விசிறியான இம்பெல்லரை எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவுங்கள். பிறகு இஞ்சினை நல்லதண்ணி நிரப்பிய பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் இறக்கித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறுமனே ஓட்டினால் இம்பெல்லர் எரிந்துபோகும். பின்பக்கச் சிறு துளையால் தண்ணீர் பாயாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒயில் கலப்பு எத்தனைக்கு எத்தனை என்பது மொடலுக்கு மொடல் மாறும், இஞ்சின் புத்தகத்திலோ மேல்மூடியிலோ உள்ளதைப் பாருங்கள்.

கடலுக்குள் அமிழ்ந்து கிடந்த இஞ்சின் என்றால் வாங்காதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் நல்லதா?

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது பலர் தொழிலை விட்டதை நாங்கள் எல்லோரும் கண்டோம். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, அன்றைய விலையைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: பெற்றோலில் எழுப்பிச் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள், கரைக்கு வந்து நிறுத்துமுன் சில நிமிடம் மீண்டும் பெற்றோலில் ஓடவிடுங்கள். காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் விடியப்புறம் இஞ்சின் எழும்பாது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

உடலுழைப்பில். தேய்ப்பது, துடைப்பது, காயவிடுவது எல்லாம் நீங்களே செய்யலாம், அதுதான் கூலியில் பெரும்பகுதி. ஏற்றி இறக்க உழவு இயந்திரப் பெட்டியோ லான்ட்மாஸ்டரோ (இருசில்லு உழவு இயந்திரம்) அயலில் கேட்கலாம். கிறைண்டரை இரவல் வாங்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ரெசின் பெரிய கொள்கலனாக எடுத்தால் விலை குறையும், ஆனால் பழைய இருப்பை வாங்காதீர்கள், ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் ஆயுள் உண்டு. பெயின்ற் ஒரு கை போதும். போட் இரவில் கரையில் நிற்பதால் பாசிபிடிக்காத விலைகூடிய பெயின்ற் தேவையில்லை.

உயிர்காப்பு அங்கியிலும் மிதவைப் போமிலும் மட்டும் கை வைக்காதீர்கள். போட்டுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அது மிதந்து நின்றால்தான், பிடித்துக்கொண்டு கிடக்கும் ஆள் கரை வந்து சேருவார்.

தண்ணீரில் இறக்குமுன் கசிவைப் பார்ப்பது எப்படி?

கரையில் வைத்து நிரம்பத் தண்ணீர் விடாதீர்கள். ஒரு கன மீற்றர் தண்ணீர் ஒரு தொன், அந்தக் கனத்துக்குக் குற்றி வைத்த இடத்தில் வெடிக்கும். நாலைந்து வாளி ஊற்றி, அணியத்தைச் சற்று உயர்த்தி, பிறகு தாழ்த்தி, வெளியே ஒட்டிய இடங்களைக் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள்.

முதல் ஓட்டத்தை அலை எழும்பும் கரையில் வைக்காதீர்கள். நாயாறு, கொக்குளாய்ப் பக்கம் உள்ளவர்கள் சங்கத்திடம் கேட்டுவிட்டுக் களப்பு நீரில் இறக்கலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்பலகையின் உட்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு இருக்கட்டும். வேகம் கூட்டும்போது பலகை கைக்குள் அசைந்தால் திரும்பி வாருங்கள். அசையாவிட்டால் அரை மணித்தியாலம் ஓடி, கரைக்கு இழுத்து, ஒட்டிய ஒவ்வோர் இடத்தையும் திரும்பச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். எல்லாம் இறுகிய சத்தமாக இருந்தால் அடுத்த நாள் வலை ஏற்றலாம்.